மீன் தொட்டிக்கு எந்தச் சிலிக்கோன் பசை?

(தண்ணீர்மலை அடிவாரத்தில் தோட்டப்புற அன்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மலைமீது வீற்றிருக்கும் முருகப் பெருமானைத் தரிசிக்க வந்த இடத்தில் மீன் தொட்டியைப் பற்றியும் பசையைப் பற்றியும் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இந்த ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. இம்மலையிலிருந்து வீழும் அருவி நீர்தான் ஜார்ஜ் டவுன் நகரத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குடிநீராகச் சென்றது. அருவியின் அருகே 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பார் தாவரவியல் பூங்காவை அமைத்தார். இன்று பினாங்கு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகின்றது. ஆற்று நீராயினும் அருவி நீராயினும் நம் நாட்டு நீர் பெரும்பாலும் மென்னீரே ஆகும். வண்ண மீன்கள் பலவற்றுக்கு இம்மென்னீர் மிக ஏற்றது. தட்டுப் போல் வட்டமான டிஸ்கஸ் மீன்களை வளர்ப்பதில் பினாங்கு பெயர் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகமும், பொதுமக்கள் பார்க்கக்கூடிய மீன் காட்சியகமும் இருப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தமிழகத்திலும் சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீன் வளர்ப்பையே குடிசைத் தொழிலாகக் கொண்டு பிழைக்கின்றன.

தோட்டங்களிலும் இவ்வழக்கம் பரவி வருகின்றது. காலையில் மரம் வெட்டிப் பாலை ஸ்டோரில் அளந்து கொடுத்த பின்னர், பிற்பகற் பொழுதில் கப்பி, சண்டை மீன், தங்கமீன் முதலியவற்றை வளர்த்துச் சிறிது வருவாய் தேடுவோர் உளர். கடையில் புதுத் தொட்டி வாங்கினால் விலை மிகுதி. ஆகவே கண்ணாடியை வெட்டி வாங்கித் தாமே ஒட்டிக் கொள்ளுவதும், பழைய தொட்டி ஒன்றை வாங்கி ஒழுகும் மூலையை அடைத்துக் கொள்ளுவதும் வழக்கமாகி விட்டன. பலரும் ஏமாறும் இடமும் இதுவே. நாமும் ஏமாந்தோம். அதனை முதலில் சொல்லி விடுகிறோம்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் நம் மைத்துனர், சில ஆண்டுகளுக்கு முன்னர், மூன்றடித் தொட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். கண்ணாடி நன்றாக இருந்தது. மூலைகளில் பசை உரிந்திருந்தது. ஊரிலிருந்து வரும்போது ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி வருமாறு நம்மிடம் கேட்டுக் கொண்டார். வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் நாம் கேட்டோம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்; நாமும் வாங்கிச் சென்றோம். குழாயின்மேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து மூலைகளை அழகாகப் பூசினோம். நான்கு நாள் உலர விட்டு நீர் நிரப்பியபோது ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மைத்துனர் தம் சேமிப்பிலிருந்து பன்னிரண்டு டிஸ்கஸ் குஞ்சுகளை வாங்கி விட்டார். மூன்றாம் நாள் அவை நிறம் கறுத்து, ஒரு மூலையில் ஒதுங்கி, வேகமாக மூச்சு வாங்கின. ஒரு வாரத்திற்குள் பன்னிரண்டும் மாண்டன.

நீரில்தான் கோளாறு என்று நாம் சொன்னோம். மைத்துனர் படிப்பு மிகுந்தவர் அல்லர். ஆயினும், அவர் சொன்ன மறுமொழியை நாம் மறப்பதற்கில்லை. "மச்சான், தண்ணி ஒண்ணுதான். அதே குழாய்த் தண்ணியிலே, பக்கத்து வாளியிலே கப்பி எல்லாம் நல்லாத்தானே நீந்துது. இந்தத் தொட்டியிலேதான் என்னமோ இருக்கு" என்றார். அவ்வாளியிலிருந்து ஐந்து கப்பிகளை எடுத்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தார். அவையும் பிழைக்கவில்லை. நீரும் ஒன்று, இரையும் ஒன்று. வேறுபட்டது பசை ஒன்றே. எறிந்த குழாயைக் குப்பையிலிருந்து தேடி எடுத்துப் படித்தபோதுதான், அது குளியலறைக்கும் சமையலறைக்கும் உரியதென்றும், பூசணம் பிடிக்காதிருக்க மருந்து கலந்ததென்றும் அதில் அச்சிட்டிருப்பதைக் கண்டோம். கடைக்காரர்மீது குறை சொல்லுவதற்கில்லை. மீன் தொட்டிக்கு என்று நாம் சொல்லவே இல்லை.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் ரப்பர்த் தொழிலிலேயே அதற்கு ஓர் உவமை இருக்கின்றது. ஷீட் ரப்பரை ஈரம் காயாமல் அடுக்கி வைத்தால் பூசணம் பூக்கும் அல்லவா? அதனைத் தடுக்கப் பாராநைட்ரோபீனால் என்னும் மருந்துக் கரைசலில் ஷீட்டுகளை நனைத்தெடுக்கும் முறை தொழிலில் இருந்தது. பூசணத்தைக் கொல்லும் மருந்து உயிர் கொல்லும் மருந்தே ஆகும். குளியலறைச் சுவரில் கறுப்புப் பூசணம் படராதிருக்கச் சிலிக்கோன் பசையிலும் அவ்வாறே பூசணக் கொல்லி சேர்க்கின்றனர். முற்காலத்தில் ஆர்செனிக் சேர்ந்த கூட்டுப்பொருள்கள்கூட இதற்குப் பயன்பட்டன. பின்னர் வேறு மருந்துகள் வந்தன. எம்மருந்தாயினும் அது பசைக்குள் கட்டுண்டு கிடப்பதில்லை. சிறிது சிறிதாக வெளியே கசிந்தால்தான் பூசணத்தைக் கொல்ல இயலும். கசிவதே அதன் வேலை. குளியலறையில் கசிந்தது நீரோடு கழுவுண்டு சாக்கடைக்குப் போகிறது. மீன் தொட்டியிலோ போகுமிடம் இல்லை. ஐம்பது அறுபது லிட்டர் நீருக்குள் அது தேங்குகின்றது. மீன் அந்நீரையே செவுள் வழியாக இரவும் பகலும் மூச்சாகக் கொள்ளுகின்றது. இறாலும் நத்தையும் மீனைவிட மென்மையானவை. அவை முன்னதாகவே மடியக்கூடும்.

இனி, சிலிக்கோன் என்பது யாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ரப்பரையே வாழ்வாகக் கொண்ட மக்களுக்கு இது கேட்கச் சுவையான செய்தி.

நம் மரத்துப் பால் தரும் ரப்பர், கரி அணுக்கள் சங்கிலி போல் தொடர்ந்து அமைந்தது. சிலிக்கோன் என்பதும் ஒரு வகை ரப்பரே. ஆயினும், அது மரத்தில் பிறந்ததன்று, மணலில் பிறந்தது. மணலிலிருந்து சிலிக்கான் என்னும் தனிமத்தைப் பிரித்தெடுத்து, அதனைச் செம்பின் துணையுடன் மெத்தில் குளோரைடு வாயுவோடு சேர்த்து வேதிவினை புரிய வைப்பர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ என்னும் அறிஞர் 1940ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். அதற்கும் முன்னரே, இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் பிரடெரிக் கிப்பிங் என்பார் இப்பொருள்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, சிலிக்கோன் என்னும் பெயரையும் வழங்கினார். சிலிக்கோனின் சங்கிலியில் சிலிக்கான் அணுவும் உயிர்வளி அணுவும் மாறி மாறி நிற்கின்றன. கண்ணாடியும் மணலில் பிறந்ததே. அதிலும் இவ்விரு அணுக்களே நிறைந்துள்ளன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை ஆதலின், சிலிக்கோன் கண்ணாடியைப் பற்றிக் கொள்ளுமாறு வேறெந்தப் பசையும் பற்றுவதில்லை.

மரத்துப் பாலை நாம் எவ்வாறு உறைய வைக்கின்றோம்? ஃபார்மிக் அமிலத்தை நீரில் கலந்து ஊற்றுகின்றோம். அசெட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு, அதற்குப் பயன்படுவதும் உண்டு. சிலிக்கோன் கதை தலைகீழானது. மீன் தொட்டிக்கென விற்கும் பசையை அழுத்தியவுடன் காடி வாடை மூக்கைத் துளைக்கும். ஆசிட் ஊற்றி உறைய வைத்த பசை என்று நீங்கள் எண்ணுவீர்கள். அவ்வாறன்று. குழாய்க்குள் இருக்கும்வரை அது கூழாக இருக்கின்றது. வெளியே வந்தவுடன் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றது. அந்த ஈரம் பட்டதும் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பராகின்றன. பிணையும்போது கழித்து விடும் பொருளே அசெட்டிக் அமிலம். பாலில் ஆசிட் முன்னே, உறைதல் பின்னே. இங்கே உறைதலோடு சேர்ந்து ஆசிட் வெளியேறுகிறது. சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகமும் வெப்பமும் கொண்டு நம் ரப்பரைப் பதப்படுத்தக் கண்டறிந்தார். சிலிக்கோனுக்குக் கந்தகமும் வேண்டா, அடுப்பும் வேண்டா. ஈரக் காற்றே போதும்.

இந்த வகையை அசெட்டாக்ஸி என்பர். இது விட்ட அமிலம் காற்றோடு போய்விடும். முற்றும் உறைந்த பின்னர் எஞ்சுவது தூய சிலிக்கோன் ரப்பர்; அது மீனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும், முற்றும் உறையுமுன் நீர் நிரப்பினால் அமிலம் நீரில் கரையும். நம் மென்னீரில் புளிப்பைத் தாங்கும் உப்புகள் குறைவு. ஆதலின் சிறிதளவு அமிலமும் நீரைச் சட்டென்று புளிக்கச் செய்து விடும்.

மற்றொரு வகையை நியூட்ரல் என்பர். அதில் காடி வாடை இராது. உறையும்போது ஆல்கஹால் விடுவதும் உண்டு. ஆக்சைம் என்னும் பொருளை விடுவதும் உண்டு. பரவலாகப் பயன்பட்ட ஆக்சைம் ஒன்றை ஐரோப்பிய நாடுகள் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளன. வாடை இல்லாதது நல்லது என்று சிலர் இதனை விரும்பி வாங்குகின்றனர். நியூட்ரல் வகை அனைத்தும் மீனுக்கு நஞ்சு என்று சொல்லுவதற்கில்லை. மீன் தொட்டிக்கென்றே செய்யப்பட்ட நியூட்ரல் பசைகளும் உள்ளன. எனினும், குழாயின்மேல் அவ்வாறு அச்சிட்டிராத நியூட்ரல் பசையை நாம் தொட மாட்டோம், நீங்களும் தொடாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காடி வாடை அடித்தால் போதும், மீன் தொட்டிக்கு ஆகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பாதி உண்மையே. குளியலறைக்குரிய பசைகளிலும் காடி வாடை அடிப்பவை உண்டு. அவற்றில் பூசணக் கொல்லி கலந்திருக்கும், வாடையோ ஒன்றேதான். நாம் வாங்கிச் சென்ற குழாயிலும் காடி வாடை நன்றாகவே அடித்தது. ஆகவே மூக்கை நம்பாமல் எழுத்தை நம்புங்கள். எழுத்துப் படிக்க இயலாதவர்கள் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் படித்த எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

எவ்வெழுத்தைத் தேடுவது? 'அக்குவேரியம்' என்னும் சொல் குழாயின்மேல் இருப்பின் நன்று. '100 விழுக்காடு சிலிக்கோன்' என்றிருத்தல் வேண்டும். ஆனால், அது மட்டும் போதாது. 'சானிட்டரி', 'பாத்ரூம்', 'கிச்சன்', 'ஆன்ட்டி ஃபங்கல்', 'மில்டியூ' என்னும் சொற்களில் எது இருப்பினும் குழாயை இருந்த இடத்திலேயே வைத்து விடுங்கள். மலாய் மொழியில் 'கூலாட்' என்றால் பூசணம் என்று உங்களுக்குத் தெரியும். 'கூலாட்' தடுக்கும் என்று எழுதியிருப்பினும் அவ்வாறே. 'அக்ரிலிக்' என்று எழுதிய வெள்ளைப் பசை சுவரில் வெடிப்பு அடைத்து வண்ணம் பூசுவதற்குரியது. நீரில் ஊறினால் இளகி விடும். குழாயின் அடியில் காலாவதித் தேதி இருக்கும், அதனையும் பாருங்கள். நாட்பட்ட பசை எத்தனை நாள் வைத்தாலும் உறையாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டா. கறுப்பாயினும் நிறமற்றதாயினும் பாதுகாப்பில் வேறுபாடில்லை. வாணிகப் பெயர் எதனையும் நாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே பெயரில் ஒரே நிறுவனம் தொட்டிக்கு ஒன்றும் குளியலறைக்கு ஒன்றும் விற்பதுண்டு. பெயரை மட்டும் நினைவில் வைத்துச் சென்றால் அங்கேயும் ஏமாறுவீர்கள். சில உற்பத்தியாளர்கள் இத்தனை லிட்டர்த் தொட்டி வரைதான் தம் பசை தாங்கும் என்றும் அச்சிடுகின்றனர். அதற்கும் ஒரு காரணம் உண்டு.

நீரின் அழுத்தத்தைப் பலர் குறைவாக மதிக்கின்றனர். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள சிறு தொட்டியில் 54 லிட்டர் நீர் கொள்ளும். அதாவது 54 கிலோகிராம். காண்டா வாளியில் பால் சுமந்த தோளுக்கு இப்பாரம் எத்தகையது என்று தெரியும். அந்நீர் முன்புறக் கண்ணாடியை மட்டும் ஏறத்தாழ 27 கிலோகிராம் பாரத்தோடு வெளியே தள்ளுகின்றது. நீளம் 90, உயரம் 45 சென்டிமீட்டராக உயர்ந்தால் அத்தள்ளுதல் 91 கிலோகிராம் ஆகி விடும். அளவு ஒன்றரை மடங்கு, தள்ளுதலோ மூன்று மடங்குக்கும் மேல். இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், இப்பாரத்தைத் தாங்கி நிற்பது கண்ணாடியின் ஓரத்தில் உள்ள ஒரு கோடு பசையே. ஆதலின் முதன்முதலில் தாமே தொட்டி கட்டுவோர் இரண்டடித் தொட்டியோடு நிறுத்திக் கொள்ளுவது நல்லது. நான்கடித் தொட்டியைக் கட்டி, அது நள்ளிரவில் வாய் பிளந்தால் மீன் மட்டுமா போகும்? வீடே நீராகி விடும். மின்கம்பி கிடக்கும் தரையில் நீர் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சிலிக்கோன் வருமுன்னர் தொட்டிகள் எவ்வாறு இருந்தன என்பதை முதியோர் அறிவர். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப் பொடியும் பிசைந்த மக்கு வைத்து அடைப்பர். சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து வெடிக்கும், தூக்கி வேறிடத்தில் வைத்தால் ஒழுகத் தொடங்கும். சட்டமே இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டிகள் 1960களிலிருந்துதான் பரவலாயின. அதனை இயலச் செய்தது சிலிக்கோனே.

நம் மரத்துப் பாலையே காய்ச்சிப் பசையாக்கித் தொட்டியை ஒட்டக் கூடாதா என்று இங்கு வருமுன் ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. நம் ரப்பர் எத்தனையோ வேலைக்குச் சிலிக்கோனைவிட மேலானது; இழுவிசையில் சிலிக்கோன் அதன் அருகில் நிற்க முடியாது. டயர் சிலிக்கோனால் ஆவதில்லை. ஆயினும், மரத்துப் பாலில் புரதமும் சர்க்கரையும் உள்ளன. நீரில் ஊறினால் நுண்ணுயிர்கள் அதனை உண்ணும். வெயிலும் காற்றும் பட்டால் வெடிக்கும். கண்ணாடியோடு அதற்கு உறவும் குறைவு. இந்த ஒரு வேலையை மணலின் பிள்ளைக்கு விட்டு விடுவோம்.

இனி ஒட்டும் முறை. பழைய தொட்டியாயின் முதல் வேலை, பழைய பசையை அறவே நீக்குவது. புதுச் சிலிக்கோன் பழைய சிலிக்கோன்மேல் பற்றாது. ஒழுகும் இடத்தில் மட்டும் மேலே ஒரு பூச்சுப் பூசுவது வீண் வேலை. அடுத்த மாதம் அதே இடத்தில் ஒழுகும். ஒரு மூலை ஒழுகினாலும் உட்புற ஓரம் முழுவதையும் சவரத் தகட்டால் சீவி எடுத்து விடுங்கள். பட்டையைக் காயப்படுத்தாமல் மரம் வெட்டப் பழகிய கைக்கு இது கடினமன்று. கண்ணாடிகளுக்கு நடுவே பிணைத்து நிற்கும் பசையை மட்டும் தொடாதீர்கள். அதுவே உரிந்திருந்தால் தொட்டியை முழுவதும் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். பின்னர், ஐசோபுரோபில் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் நனைத்த தூய துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். கைவிரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் அவ்விடத்தில் ஒட்டாது. சவர்க்காரம் இட்டுக் கழுவாதீர்கள்.

புதுத் தொட்டியில் கண்ணாடியின் வெட்டு விளிம்பைச் சாணைக் கல்லால் மழுக்கிக் கொள்ளுங்கள். அடிக்கண்ணாடியைச் சமமான பலகைமீது வைத்து, ஒவ்வொரு பக்கமாக நிறுத்தி ஒட்டுங்கள். அழுத்திப் பசை முழுவதையும் பிதுக்கி விடுதல் தவறு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவாவது பசை நிற்க வேண்டும். அதுவே நீரின் தள்ளுதலுக்கு வளைந்து கொடுக்கும் மெத்தை. ஓரங்களில் ஒட்டுத்தாள் ஒட்டி, பசையை ஒரே இழுப்பில் தடவி, மேற்புறம் தோல் கட்டுமுன் தாளை உரித்து விடுங்கள். வேலையைத் திறந்த வெளியிலோ, சாளரம் திறந்த இடத்திலோ செய்யுங்கள். அந்த அமில ஆவி கண்ணை எரிக்கும். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். சிமெண்டுத் தொட்டிக்கு இந்தக் காடி வாடைப் பசை ஆகாது. சிமெண்டின் காரமும் இதன் புளிப்பும் ஒத்துப் போகா. அக்ரிலிக் தொட்டியிலும் சிலிக்கோன் சரியாகப் பற்றுவதில்லை.

பிறகு பொறுமை வேண்டும். அரை மணிக்குள் மேலே தோல் கட்டி விடும், தொட்டால் ஒட்டாது. காய்ந்து விட்டது என்று எண்ணி நீர் ஊற்றுவோர் மிகப் பலர். ஈரம் வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டுமாதலின், ஒரு நாளில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழந்தான் உறையும். கண்ணாடிகளுக்கு நடுவே சிக்கிய பசைக்குக் காற்றுப் படுவது ஓரத்தில் மட்டுமே. அது இன்னும் மெதுவாக உறையும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி; அது நமக்கு உதவிதான்; ஆயினும், ஏழு நாளைக் குறைக்காதீர்கள். தடித்த பூச்சாயின் பத்து நாள் விடுங்கள். பத்தாம் நாள் தொட்டிக்குள் தலையை நீட்டி முகருங்கள். காடி வாடை சிறிதேனும் இருப்பின் இன்னும் உறையவில்லை என்பது பொருள். மூக்கை நம்பலாகாது என்று முன்னர்ச் சொன்னோம். பசையைத் தேர்ந்தெடுப்பதில் நம்பலாகாது, உறைந்ததை அறிவதில் நம்பலாம்.

வாடை அற்ற பின்னர், வீட்டுக்கு வெளியே, மழை நீர் வடியும் இடத்தில் வைத்து நீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். உலர்ந்த செய்தித்தாளை அடியில் விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்து விடும். அந்நீரைக் கொட்டி விட்டுப் புதுநீர் நிரப்பி மீண்டும் இரண்டு நாள் வைத்துக் கொட்டுங்கள். இங்கே வேறோர் எச்சரிக்கை உண்டு. மீனில்லாத தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு இட்ட விருந்து. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஏழு முதல் பத்து நாளே போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப் புழு காணப்பட்டால் தண்டம் கட்ட நேரும். தண்டம் போனாலும் போகட்டும், டெங்கிக் காய்ச்சல் லயத்துப் பிள்ளைகள் அனைவரையும் பிடிக்கும். ஆகவே சோதனை நீரை வாரக்கணக்கில் தேங்க விடாதீர்கள். வேலை முடியாத தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

மூன்றாம் முறை நிரப்பும் நீரை ஒரு நாளாவது வைத்திருந்து, குழாய் நீரின் குளோரின் நீங்கிய பின்னர், விலை குறைந்த கப்பி நான்கைந்தை மட்டும் விடுங்கள். ஒரு வாரம் அவை ஓடி விளையாடி இரை எடுத்தால், உங்கள் பணத்தைப் போட்டு வேறு மீன் வாங்கலாம். மீன் ஓரத்தில் ஒதுங்குவதும், நிறம் கறுப்பதும், நீரின் மேற்பரப்பில் வாய் பிளப்பதும் கண்டால், உடனே அவற்றை வேறு நீருக்கு மாற்றி விட்டுத் தொட்டியை ஆராயுங்கள்.

தவறான பசை பூசிய தொட்டியைப் பலநாள் நீரில் ஊற வைத்தால் மருந்து போய்விடாதா என்று மைத்துனரும் கேட்டார். ஒரு மாதம் நீரை மாற்றி மாற்றி ஊற்றியும் பார்த்தார். பூசணக் கொல்லி நெடுநாள் கசியுமாறே சேர்க்கப்படுவது. எப்போது தீரும் என்று எவராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. இறுதியில் அவர் அப்பசையைக் கடைசி இழைவரை சீவி எடுத்து, சரியான பசை வாங்கிப் பூசினார். இம்முறை குழாயின்மேல் இருந்த எழுத்து ஒவ்வொன்றையும் தம் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பணம் கொடுத்தார். அந்தத் தொட்டி இன்றும் அவர் வீட்டில் இருக்கின்றது. டிஸ்கஸ் வாங்க அவருக்குத் துணிவு வரப் பின்னும் ஓராண்டு ஆயிற்று. அதுவரை கப்பியே வளர்த்தார். பன்னிரண்டு மீனின் விலையை நாம் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக் கொள்ளவில்லை.

கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து, மீந்த பசையை என்ன செய்வது என்று கேட்கிறார். குழாயின் மூக்கில் ஓர் ஆணியைச் செருகி, மேலே ஒட்டுத்தாள் சுற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். நுனியில் சிறிது இறுகி விடும்; அடுத்த முறை ஆணியோடு சேர்ந்து அதுவும் வந்து விடும். இரண்டு மூன்று மாதத்திற்குள் பயன்படுத்தி விடுங்கள். அதற்குமேல் வைத்திருந்தால், கண்ணாடித் துண்டு ஒன்றில் சிறிது தடவி, மறுநாள் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே தொட்டியில் பூசுங்கள்.